மழைத்தண்ணீரில் துவைத்த சட்டை

அத்தியாயம் 9

வியாழக்கிழமை காலை ஆறு மணி. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் க்ளெனிஸ் ரோவெட் இரண்டு காலி ஜாம் பாட்டில்களை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள்.

புருஷன் டெஸ் குளித்துவிட்டு வர எட்டு நிமிஷம் ஆகும். இருபத்தொன்பது வருஷத்தில் அது ஒன்பதானதில்லை.

அவனுடைய பிக்கப் வண்டி கொட்டகையை ஒட்டி நின்றது. பம்ப் ரிப்பேர்க்காரனின் வண்டி எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது: குழாய்த் துண்டுகள், கிரீஸ் டப்பா, கயிறு. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒரு நீலத் தண்ணீர்க் கேன். புதுசு. அவள் வாங்கியதில்லை. அவள் வீட்டில் இருப்பதெல்லாம் வெள்ளைக் கேன்கள்.

மூடியைத் திருகி ஒரு பாட்டிலில் பாதி ஊற்றினாள். இன்னொன்றில் தோட்டத்துக் குழாயைத் திறந்து பிடித்தாள். இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவலைப் போட்டு, மூடி, ஒரு கைக்கு ஒன்றாகப் பிடித்துக் குலுக்கினாள்.

குழாய்த் தண்ணீர் பாட்டிலில் திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாக மிதந்தது. நுரை என்று சொல்ல ஒன்றுமில்லை. நீலக் கேன் தண்ணீர் கழுத்துவரை நுரைத்து, மூடியைத் திறந்ததும் விரல்மேல் வழிந்தது.

மழைத்தண்ணீர். சந்தேகமே இல்லை.

க்ளெனிஸ் பாட்டில்களை ரோஜாச் செடியடியில் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தாள். கெட்டிலைப் போட்டாள்.

எல்லாம் ஆரம்பித்தது ஒரு சட்டையில். கார்விக் ஊர் சுண்ணாம்புக்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. குழாயில் வரும் தண்ணீரும் அந்தக் கல்லுக்கடியிலிருந்து வருவதுதான். கெட்டிலின் அடியில் முட்டை ஓடு மாதிரி வெள்ளை கட்டும். கொடியில் காய்ந்த துண்டு அப்பளமாய் விறைத்து நிற்கும். ஊர் மோட்டல்களின் விரிப்புகளைத் துவைக்கும் அவளுடைய லாண்டரியில் மட்டும், வாரத்துக்கு ஆறு மூட்டை உப்புப் போட்டுத் தண்ணீரின் சுண்ணாம்பை எடுக்கிற பெரிய உருளை ஒன்று உண்டு. வீட்டுத் துணிக்கு அந்தச் சலுகை கிடையாது. கடை வேறு, வீடு வேறு என்பது க்ளெனிஸ் போட்ட சட்டம்.

நாலு வாரமாக, வியாழக்கிழமை காலை விறைத்துக்கொண்டு போகும் டெஸ்ஸின் காக்கிச் சட்டை, சாயங்காலம் பூனைக்குட்டி மாதிரி துவண்டு திரும்பி வந்துகொண்டிருந்தது. கிரீஸ் கறை இல்லை. வியர்வை வாடை இல்லை. பகல் பொழுதில் யாரோ அதைக் கழற்றவைத்து, துவைத்து, காயவைத்து, திரும்ப மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

யார் வீட்டிலோ மழைத்தண்ணீர் இருக்கிறது. யார் வீட்டிலோ அவள் புருஷன் சட்டையைக் கழற்றுகிறான்.

டெஸ் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து மேஜையில் உட்கார்ந்தான். க்ளெனிஸ் டோஸ்ட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"இன்னிக்கும் ஹாலரன் பண்ணைதானா?"

"ஆமா. அந்தப் பம்ப் ஒரு வாரம் ஓடுது, மறுவாரம் படுத்துக்குது. உள்ள சுண்ணாம்பு அடைச்சுக்குது."

"நாலு வாரமா அதே பம்ப்பா?"

"பெரிய பம்ப்."

"அவங்க வீட்டுத் தண்ணி எப்படி இருக்கு?"

டெஸ் வெண்ணெய் தடவுவதை நிறுத்தினான். "தண்ணிக்கென்ன? தண்ணி மாதிரி இருக்கு."

"சும்மா கேட்டேன்."

"நீ சும்மா எதையும் கேக்கமாட்டியே."

"அப்ப ஏன் பயப்படுற?"

"யாரு பயந்தா?" என்றான் டெஸ். டோஸ்ட்டைப் பாதியில் வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டான். போகும்போது வழக்கம்போல அவள் நெற்றியில் முத்தம் வைத்தான். அது வழக்கத்தைவிட ஒரு நொடி நீண்டதாக அவளுக்குப் பட்டது. சந்தேகப்படுகிறவளுக்கு முத்தம்கூட சாட்சிதான்.

எட்டு மணிக்கு லாண்டரியில் யந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. ஓரியல் மடிப்பு மேஜையில் நின்றாள். இருபது வருஷமாக அதே மேஜை. அறுபத்து நாலு வயது. வாயைவிடக் கை வேகமாகவும் கையைவிடக் கண் வேகமாகவும் ஓடுகிறவள். இஸ்திரி மேஜையில் க்ளெனிஸின் மகள் டாம்ஸின். இருபத்தாறு வயது. அம்மாவின் தாடையும் அப்பாவின் அமைதியும் அவளுக்கு.

நாலாவது மேஜை காலி. இரண்டு வருஷமாகக் காலி.

இந்தக் கதையை முதல் வாரத்திலிருந்து தொடர்பவர்களுக்கு அந்த மேஜை யாருடையது என்று தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மோட்டல் விருந்தாளி ஒருத்தி தன் நீலக்கல் மோதிரத்தைத் தலையணை உறைக்குள் விட்டுவிட்டாள். உறை லாண்டரிக்கு வந்தது. மோதிரம் திரும்பிப் போகவில்லை. அன்றைக்கு மூட்டை பிரிக்கும் முறை, குவீன்ஸ்லாந்திலிருந்து வந்து சேர்ந்து எட்டு மாதமே ஆன கெஸியாவுடையது. ஊரில் சொந்தபந்தம் இல்லாத பெண். க்ளெனிஸ் இரண்டு தடவை யோசிக்கவில்லை. எல்லோர் முன்னாலும் அவளைத் திருடி என்றாள். மகன் லாக்லன் நடுவில் வந்து நின்றான். மன்னிப்புக் கேட்டால் இருக்கிறேன், இல்லாவிட்டால் நானும் போகிறேன் என்றான். போ என்றாள். போய்விட்டான், கெஸியாவோடு. அதற்குப் பிறகு அவன் பெயரை அந்த வீட்டில் யாரும் எடுத்ததில்லை. எடுக்கக்கூடாது என்பதும் க்ளெனிஸின் சட்டம்தான்.

மோதிரம் இன்றுவரை கிடைக்கவில்லை.

க்ளெனிஸ் அலுவலறைக்குள் போய்ப் போனை எடுத்தாள்.

"மிஸஸ் ஹாலரன், நான் ரோவெட் லாண்டரி க்ளெனிஸ். டெஸ் அங்க வந்துட்டானா? மதியச் சாப்பாட்டை மறந்துட்டுப் போயிட்டான்."

"டெஸ்ஸா? இங்க எதுக்கு வரணும்?" பின்னால் ஒரு மாடு கத்துவது கேட்டது. "ஜூன் மாசம் பம்ப்பைப் பாத்துட்டுப் போனார். அதுக்கப்புறம் நல்லாத்தான் ஓடுது."

"ஓ. அப்ப நான்தான் பேர் குழப்பிக்கிட்டேன்."

"எல்லாம் சரியா இருக்கில்ல, க்ளெனிஸ்?"

"சரியாத்தான் இருக்கு" என்றாள்.

கார்ச் சாவியோடு வெளியே வந்தபோது ஓரியல் நிமிராமலே கேட்டாள். "முகம் ஏன் இப்படி இருக்கு? வினிகரைக் குடிச்சியா?"

"ஒரு மணி நேரம் வெளிய போயிட்டு வரேன். மோட்டல் வண்டி வந்தா நீ கையெழுத்துப் போட்டுடு."

டாம்ஸின் இஸ்திரியை நிறுத்தினாள். "எங்கம்மா போற?"

"வெளிய."

"இப்பவா? வெட்டின மரம் ஏத்தின லாரியெல்லாம் வர்ற நேரம். ஆத்து ரோட்டுல ரெண்டு பக்கமும் அதுங்கதான். மத்தியானத்துக்கு மேல போயேன்."

க்ளெனிஸ் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"ஆத்துக்குப் போறேன்னு நான் சொல்லலையே."

டாம்ஸினின் முகத்தில் ரத்தம் ஏறியது. "நீ... வெளியன்னதும் அங்கதான்னு நினைச்சேன்."

"என்னத்துக்கு அங்க போவேன்? எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது."

"அம்மா, இன்னிக்குப் போகாதே" என்றாள் டாம்ஸின், மெல்ல. ஓரியல் ஒரு துண்டை இரண்டாம் முறையாக மடித்தாள்.

அப்போது க்ளெனிஸுக்குப் புரிந்தது. ஆற்று முகத்துவாரம். அங்கே ஊர்க் குழாய் போகவில்லை. தோண்டினால் கடல் உப்பு. நாற்பது ஐம்பது தகர வீடுகள், அத்தனைக்கும் கூரைத் தண்ணீர்தான். மழைத்தண்ணீர்.

புருஷன் மட்டும் ஏமாற்றவில்லை. மகளும் கூட்டு.

பைன் காட்டு வழியே நாற்பது நிமிஷம். வண்டி ஓட்டும்போது அவள் ஊரிலுள்ள விதவைகளை எண்ணினாள், அப்புறம் விவாகரத்தானவர்களை. ஒவ்வொருத்திக்கும் ஒரு முகம் வைத்து, டெஸ்ஸோடு நிறுத்திப் பார்த்தாள். ஒருத்தியும் பொருந்தவில்லை. பொருந்தாதது ஆறுதலாக இல்லை. முகம் தெரியாத எதிரியிடம் எப்படிச் சண்டை போடுவது?

லாரிகள் காரை உலுக்கிவிட்டுக் கடந்தன. மகள் சொன்னது அந்த ஒன்றில் மட்டும் நிஜம்.

ஆற்றங்கரையில் மூன்றாவது சந்தின் கடைசியில், டீ ட்ரீ என்று சொல்லும் கரையோரப் புதருக்குப் பின்னால் டெஸ்ஸின் பிக்கப் நின்றது. மறைக்கவேண்டும் என்றே அந்த இடத்தில் நிறுத்தப்பட்டிருந்தது.

க்ளெனிஸ் காரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தாள். பச்சைப் பெயின்ட் உரிந்த சின்ன வீடு. பக்கத்தில் வீட்டின் பாதி உயரத்துக்குத் தகர டேங்க். வேலிக்கப்பால் துணிக்கொடி.

துணிக்கொடியைப் பார்த்தே ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லிவிடுகிறவள் அவள். இந்தக் கொடியில் டெஸ்ஸின் காக்கிச் சட்டை, கைகளைத் தொங்கவிட்டுக் காற்றில் ஆடியது. அதற்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் பருத்திக் கவுன். அதற்கும் பக்கத்தில், வரிசையாக, உள்ளங்கை அகலத்தில் குட்டிச் சட்டைகள். நாப்பித் துணிகள். பன்னிரண்டு எண்ணினாள். எல்லாம் பழுப்பேறாத தூய வெள்ளை.

வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்தெட்டு வயது மனுஷனுக்குக் கைக்குழந்தையா?

கம்பிக் கதவு கிறீச்சிட்டது. துணிக்கூடையோடு ஒரு பெண் வெளியே வந்தாள். மெலிந்த தோள், கறுப்பு முடி, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருவளையம். க்ளெனிஸைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். கூடையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

கெஸியா.

"எத்தனை நாளைக்குத்தான் தெரியாம இருக்கும்னு நினைச்சேன்" என்றாள் கெஸியா. "வாங்க, மிஸஸ் ரோவெட். கொடியில எதையாவது தேடுறீங்களா? உங்க மோட்டல் துண்டு எதுவும் இல்ல. எண்ணிப் பாத்துக்கலாம்."

"அந்தக் குழந்தை யாரோடது?" என்றாள் க்ளெனிஸ்.

கெஸியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் வாயின் ஓரம் கோணியது. "கடவுளே. நீங்க அப்படியா நினைச்சுக்கிட்டு வந்தீங்க?" கதவைத் திரும்பிப் பார்த்தாள். "டெஸ், வெளிய வாங்க. உங்க சம்சாரம் நாம ரெண்டு பேரும் கள்ளக் காதலர்கள்னு முடிவு பண்ணிட்டாங்க."

உள்ளே தண்ணீர் அளையும் சத்தமும், யாரோ தாறுமாறான ராகத்தில் முனகும் சத்தமும் கேட்டன. க்ளெனிஸ் கெஸியாவைத் தாண்டி உள்ளே போனாள்.

ஜன்னலோரம் மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. லாக்லனின் பழைய கால்பந்து பனியனை மாட்டிக்கொண்டு டெஸ் குனிந்து நின்றான். அவனுடைய தடித்த கையில், மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு, ஏழு மாதக் குழந்தை ஒன்று கிடந்தது.

கன்னங்கள் சிவந்து தோலுரிந்திருந்தன. முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்புறமும் கீறிக்கீறிப் புண். கைகளில் வெள்ளைத் துணி உறை. சிவப்புக்கு நடுவிலிருந்து லாக்லனின் கண்கள் க்ளெனிஸை நிமிர்ந்து பார்த்தன.

"இவ ஐவி" என்றான் டெஸ். திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னான்.

"எத்தனை நாளா?"

"மே மாசத்திலிருந்து. நம்ம பிள்ளை லாச்சி போன் பண்ணான். இங்க பம்ப் ஓடல, தண்ணி வேணும்னான். மாசத்துக்கு ஒருநாள் வந்துட்டிருந்தேன். இப்ப அவன் பகல்ல லாரி ஓட்டப் போயிடறான், ஐவி ராத்திரி தூங்கறதில்ல. வியாழக்கிழமை நான் குளிப்பாட்டினா கெஸியா மூணு மணி நேரம் தூங்கறா. ஐவிக்கு உடம்பு முழுக்க எப்பவும் களிம்பு. தூக்கினதுமே சட்டையெல்லாம் பூசிக்கும். அதான் துவைச்சுக் கொடுக்கறா."

"ஹாலரன் பண்ணைன்னு என்கிட்ட பொய் சொன்னே."

"சொன்னேன்."

"அந்த நீலக் கேன்?"

"இந்தத் தண்ணியில டீ நல்லா இருக்கு" என்றான் டெஸ், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலில்.

"என் பேத்தியை என்கிட்டருந்து மறைச்சிருக்கே, டெஸ்."

இப்போது அவன் திரும்பினான். குழந்தையின் தலையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டே. "சொல்லியிருந்தா முதல்ல நீ என்ன கேட்டிருப்பே? குழந்தை எப்படி இருக்குன்னா? இல்ல, அது யாரோடதுன்னா?"

க்ளெனிஸ் வாயைத் திறந்தாள். ஒரு நிமிஷம் முன்னால் வாசலில் அதைத்தான் கேட்டிருந்தாள். மூடிக்கொண்டாள்.

கெஸியா உள்ளே வந்து துண்டை விரித்துக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். தேய்க்கவில்லை, ஒற்றி ஒற்றி எடுத்தாள். பேசும்போது குழந்தையைத்தான் பார்த்தாள்.

"ஊர்ல ஒரு மாடி வீட்டுல இருந்தோம். உங்க லாண்டரியிலிருந்து ரெண்டு தெரு. பிறந்து ஆறு வாரத்துல ஆரம்பிச்சுது. அந்தத் தண்ணி பட்டாலே கத்துவா. அடுத்த அறைக்காரங்க சுவரைத் தட்டுவாங்க. குழந்தையைக் கிள்றேன்னு யாரோ புகார் வேற கொடுத்தாங்க. எனக்குத்தான் அந்த ராசி உண்டே. சுண்ணாம்புத் தண்ணி சில குழந்தைங்க தோலுக்கு ஆகாது, மாத்திப் பாருன்னு நர்ஸ் சொன்னாங்க. இங்க வந்தப்புறம் முக்கால்வாசி அடங்கிடுச்சு. இதுதான் அடங்கினது. முன்னாடி பாத்திருக்கணும் நீங்க."

க்ளெனிஸ் கிட்டே போனாள். தொடவில்லை. குழந்தையின் இடுப்பைச் சுற்றி, நாப்பி கட்டும் இடத்தில், பட்டை போட்ட மாதிரி ஒரு புதுச் சிவப்பு. மடிப்புகளில் இருக்கும் புண் மாதிரி இல்லை அது. கண் அதை விட்டு நகரவில்லை. நாற்காலியில் கிடந்த காய்ந்த நாப்பித் துணி ஒன்றை எடுத்து மோந்தாள். விரல்களுக்கிடையில் தேய்த்தாள். வழுக்கியது.

"இதுக்கு எத்தனை கரண்டி பவுடர் போடுற?"

கெஸியாவின் முதுகு விறைத்தது. "ஏன்?"

"எத்தனை?"

"மூணு. எப்பவும் போடறதுதான்."

"எத்தனை தடவை அலசுற?"

"ஒரு தடவை. டேங்க்ல இருக்கறதே இவ்வளவுதான். ஏன், இதுவும் என் தப்புதானா?"

"இல்ல" என்றாள் க்ளெனிஸ். "மூணு கரண்டின்னு உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்."

க்ளெனிஸ் நாப்பித் துணியை நீட்டிக் காட்டினாள்.

"அது ஊர்த் தண்ணிக்கு அளவு. அங்க பாதி சோப்பைச் சுண்ணாம்பே தின்னுடும். இங்க தின்ன ஒண்ணுமில்ல. போட்டது அத்தனையும் துணியிலேயே தங்கிடும். மழைத்தண்ணியில அழுக்கு சீக்கிரம் போகும், சோப்பு சீக்கிரம் போகாது. அரைக் கரண்டி போதும். ரெண்டு அலசு. அந்த இடுப்புச் சிவப்பு சோப்பாலதான் வந்திருக்கும்னு நினைக்கிறேன். நர்ஸ்கிட்டயும் காட்டு. நான் டாக்டரில்ல." அவள் நாப்பியைத் திரும்ப மடித்து வைத்தாள். மூலைகள் சரியாகச் சேரும்வரை மடித்தாள். "தண்ணி பத்தலைன்னா இதையெல்லாம் நான் எடுத்துட்டுப் போய் அலசிக் கொண்டுவரேன்."

கெஸியா குழந்தைக்குக் களிம்பு பூச ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து நீர் கன்னத்துக்கு இறங்கியதை அவள் துடைக்கவில்லை, கையெல்லாம் களிம்பு.

"என்கிட்ட வேற எதுவும் சொல்லணுமா உங்களுக்கு?"

"நான் அன்னிக்கு..."

"இங்க வேண்டாம்." கெஸியாவின் குரல் உயரவில்லை. "இந்தச் சமையலறையில மெதுவாச் சொல்லிட்டுப் போறது சுலபம். அன்னிக்கு என்னை எங்க வச்சுச் சொன்னீங்க? யந்திரத்தையெல்லாம் நிறுத்தச் சொல்லி, அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. அங்க போய்ச் சொல்லுங்க. அதுவரைக்கும் இவளைத் தூக்கக் கேக்காதீங்க."

"கெஸியா" என்றான் டெஸ்.

"இல்ல, டெஸ். நீங்க நல்லவர். ஆனா நீங்க ஒளிஞ்சுதானே வரீங்க. என் பொண்ணைப் பாக்க யாரும் ஒளிஞ்சு வரவேண்டாம் இனிமே."

டெஸ் தலை குனிந்தான். க்ளெனிஸ் குழந்தையைப் பார்த்தாள். ஐவி துணி உறை மாட்டிய கையை வாயில் திணித்துக்கொண்டு அவளையே வெறித்தாள்.

"லாச்சி எப்ப வருவான்?"

"அஞ்சு மணிக்கு. நீங்க சொல்லிட்டதா கேள்விப்பட்டா வீட்டுக்குள்ள விடுவான். இல்லைன்னா, அவன் உங்க பிள்ளை. பிடிவாதம் எங்கிருந்து வந்துதுன்னு உங்களுக்கே தெரியும்."

"சரி" என்றாள் க்ளெனிஸ்.

வாசலில் டெஸ் பின்னாலேயே வந்தான். கொடியிலிருந்து சட்டையை எடுத்தான். இன்னும் ஈரம்.

"கோவமா?" என்றான்.

"கோவம்தான். ரொம்ப நாளைக்கு இருக்கும்." கார்க் கதவைத் திறந்தாள். "டாம்ஸினுக்கு எப்ப தெரியும்?"

"ஆரம்பத்திலிருந்தே. மாசாமாசம் ஏதாவது வாங்கிக் கொடுத்தனுப்புவா. ஸ்வெட்டர், போர்வைன்னு. ஒருநாளும் நேர்ல வரல. கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறா. கெஸியா முகத்தைப் பாக்க முடியாதாம்."

"ஏனாம்?"

டெஸ் தோளைக் குலுக்கினான். "உனக்காக வெக்கப்படறான்னு நினைச்சேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் க்ளெனிஸ் வாக்கியங்களைச் சேர்த்துப் பார்த்தாள். சந்தர்ப்பம் அப்படி. எல்லாரும் அவளைத்தான் நினைத்தார்கள். ஒவ்வொன்றும் ஊர் எல்லைக்கு வரும் முன்னாலேயே உதிர்ந்துபோனது.

பத்தரை மணிக்கு டீ நேரம். லாண்டரியில் ஓரியலும், துவைப்பு யந்திரத்துக்குப் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களும் கோப்பைகளோடு நின்றார்கள். டாம்ஸின் மட்டும் வேலையை நிறுத்தாமல் ஒரு மேஜைவிரிப்பை இழுத்து இழுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கார் நின்ற சத்தத்துக்கு அவள் நிமிரவே இல்லை.

க்ளெனிஸ் நேராகச் சுவரோரம் போய் யந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். கடைசி உருளை சுற்றி ஓயும்வரை காத்திருந்தாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி இதே இடத்துல நின்னு கெஸியாவைத் திருடின்னு சொன்னேன். ஓரியல், நீ இருந்தே. டாம்ஸின், நீயும் இருந்தே. அவ எடுத்ததை நான் பாக்கல. யாரும் பாக்கல. அவளுக்குன்னு பேச இங்க ஆள் இல்ல, அதனால வாயில வந்தது. அது தப்பு. அவகிட்ட மன்னிப்புக் கேக்கறேன். உங்க முன்னாடிதான் கேக்கணும்னு சொன்னா. அதான் கேக்கறேன்."

புதிதாகச் சேர்ந்த இருவரும் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

ஓரியல் கேட்டாள்: "அவ எடுக்கலைன்னு இப்ப எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாது" என்றாள் க்ளெனிஸ். "ஆனா அவ எடுத்தான்னு அன்னிக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசினேன்."

ஓரியல் கோப்பையைக் கீழே வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள், ஈரம் இல்லாத கையை. க்ளெனிஸின் கையைப் பிடித்து உப்பு மூட்டைகள் அடுக்கிய மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நீ இதைச் சொல்லலைன்னா நானும் சொல்லியிருக்கமாட்டேன்" என்றாள், தணிந்த குரலில். "அன்னிக்குக் காலைல உப்பு லாரி சீக்கிரம் வந்துடுச்சு. கெஸியா பின்னாடி மூட்டை இறக்கிக்கிட்டிருந்தா. நானும் அவளோட நின்னேன். அரை மணி நேரம். நாங்க உள்ள வரப்ப, மோதிரத்துக்காரி தங்கின பன்னிரண்டாம் அறை மூட்டை பிரிச்சுக் கிடந்தது."

"முறை அவளோடதுதானே?"

"முறை அவளோடது. பிரிச்சது அவ இல்ல."

"ரெண்டு வருஷம் ஏன் வாயைத் திறக்கல?"

"நீ கேக்கல, க்ளெனிஸ். அன்னிக்கு இங்க யாரையும் எதையும் கேக்கல. சொன்னே. அவ்வளவுதான். அப்புறம், எனக்கு இந்த வேலை வேணும். முதலாளிகிட்ட போய்..." ஓரியல் அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

"முதலாளிகிட்ட போய் என்ன?"

ஓரியல் க்ளெனிஸின் தோளுக்கு மேலாக இஸ்திரி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று உள்ளே இருந்தது யார் என்று க்ளெனிஸ் மனசுக்குள் கணக்குப் போட்டாள். தான் அலுவலறையில் மோட்டலோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஓரியலும் கெஸியாவும் பின்பக்கம். லாக்லன் அப்போது வரவேயில்லை. மிச்சம் ஒருத்திதான்.

துணி கருகும் வாசனை வந்தது.

அவள் ஓடினாள். இஸ்திரிப் பெட்டி மேஜைவிரிப்பின் மேல் கவிழ்ந்தபடி கிடந்தது. அதைச் சுற்றிப் பழுப்பு படர்ந்துகொண்டிருந்தது. க்ளெனிஸ் அதைத் தூக்கி நிமிர்த்தி வைத்தாள். மேஜைக்குப் பின்னால் யாரும் இல்லை. ஏப்ரன் தரையில் கிடந்தது.

பின்வாசலில் டாம்ஸினின் கார் கிளம்பி, சரளையை வாரியடித்துக்கொண்டு, ஆற்று ரோட்டுக்கு எதிர்த் திசையில் போயிற்று.